மிஞ்சிய மாத்திரை

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். இருபது வருஷமாகக் காலை எட்டரைக்கு வந்து, தட்டுகளில் வளரும் புற்றுநோய் செல்களுக்குச் சத்துநீர் மாற்றுவார். பக்கத்து மேசைக்காரியான எனக்கு டீ தவறினாலும் அவற்றுக்குச் சாப்பாடு தவறாது.

செல்லுக்கு ‘வளர்’ என்று உத்தரவு வரும். போதுமென்றதும் அதை அணைக்கச் சில புரதங்கள் உண்டு. அவற்றையும் செல் சும்மா விடாது. வேண்டும்போது செய்யும், வேண்டாதபோது உடைத்துப் போடும். நோய்ப்பட்ட செல்லோ செய்யச் செய்ய உடைக்கிறது. உத்தரவு அணைவதே இல்லை. அந்த உடைப்பைத் தடுக்கும் மருந்தைத்தான் சோதித்துக்கொண்டிருந்தோம்.

அவர் தங்கைக்குத் தொடை எலும்பில் அதே வகைக் கட்டி. கால் மிஷினில் தைத்துப் பிழைப்பவள். காலை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அதே வாரம் எங்கள் மருந்து போட்ட செல்களில் உத்தரவு சுத்தமாக அணைந்திருந்தது. மூன்று முறை செய்தார், மூன்று முறையும் அப்படியே.

“காலை எடுக்க வேண்டாம்மா. கொஞ்சம் பொறு, மருந்து வந்துடும்” என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். தட்டில் நடப்பது உடம்புக்கு வர எத்தனை வருஷமாகும் என்று அவருக்குத் தெரியாதா? தங்கை என்றதும் புத்தி மழுங்கிவிட்டது. எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை.

உத்தரவு அணைந்ததா என்று அளக்க செல்லை உடைத்துப் பார்ப்போம். உடைக்கும் கரைசலில் ஒரு மாத்திரை கரைக்க வேண்டும். இல்லாவிட்டால், செல் செத்த பிறகும் அந்த அணைக்கும் புரதங்கள் குழாய்க்குள் வேலை பார்த்து உத்தரவை அழித்துவிடும். மருந்து போட்ட செல்களின் குழாய்களுக்கென்று அவர் தனி பாட்டில் வைத்திருந்தார். மூன்று மாதம் கழித்து அது தீர்ந்து, புதிதாகக் கலக்கினார். மருந்து போட்டும் உத்தரவு அணையவே இல்லை. மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். ஒன்று அதிகமாக இருந்தது. பழைய பாட்டிலில் போட்டிருக்க வேண்டியது.

தங்கையை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். நானும் போனேன். பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதார்.

நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது. இனிக் காலை எடுத்தும் பிரயோஜனமில்லை.

“அப்பவே வரச் சொன்னேனே, ஏம்மா வரல?” என்றார் டாக்டர்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள், “தையல் வேலை நெறைய இருந்துச்சு டாக்டர்” என்றாள்.

அவள் போய் ஒரு வருஷமாகிறது. கடிகாரம் இப்போதும் எட்டரைக்கு வருகிறார். ஒரு மாத்திரை போட வேண்டிய பாட்டிலில் இரண்டு போடுகிறார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.