நயீமா பொறுக்கும் பாஸ்கா அரிசி

வெள்ளைத் துணியின்மேல் ஒரு பிடி அரிசியைக் கொட்டி, விரல் நுனியால் பரப்பி, மணி மணியாக இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறாள் நயீமா. கல் வந்தால் தகரத் தட்டில் போடுகிறாள். ‘டிங்’ என்று ஒரு சத்தம். உமி வந்தால் சத்தம் இல்லை, உதட்டைச் சுழிப்பதோடு சரி. மொத்த அரிசியும் இடப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பில் ஒரு குத்து விட்டுக்கொண்டு, அதே அரிசியை மறுபடி தொடங்குகிறாள். மூன்று முறை. மூன்றாம் முறையில் தகரத் தட்டு வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

கோதுமையோ பார்லியோ தண்ணீர் பட்டு ஊறிவிட்டால் புளித்ததாகக் கணக்கு; யூதர்களின் பாஸ்கா பண்டிகை நாட்களில் அது வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர் கிளம்பிய அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை. அந்த அவசரத்தை மறக்காமலிருக்க இன்றைக்கும் புளிக்காத ரொட்டிதான். அரிசி சாப்பிடலாம். ஆனால் அரிசிக்குள் ஒளிந்த ஒரே ஒரு கோதுமை மணி ஊறப்போட்ட பாத்திரத்துக்குள் போனால் சோறு போச்சு, பானை போச்சு, பண்டிகையும் போச்சு. ஜெருசலேம் சந்தையிலோ அரிசி மூட்டையும் கோதுமை மூட்டையும் சம்பந்திகளைப் போலத் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே பண்டிகைக்கு முன்பு நயீமாவின் அடுக்களைக்குள் பிள்ளைகள் நுழையத் தடை. பூனைக்கும் தடை. பூனை கேட்டுக்கொண்டது, பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

ஜன்னலோர நாற்காலி அவளுடையது. வேறு யாரும் அதில் உட்கார்ந்து, இந்த முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அவள் கணவர் ஒரு முறை உட்காரப் போனதாகவும், நாற்காலியே நகர்ந்துகொண்டதாகவும் பேச்சு உண்டு. பக்கத்து ஜெபக்கூடத்து ராபி வந்தபோது அவரையே சர்க்கரை டின்மேல் உட்காரவைத்தாள். “வெளிச்சம் உங்களுக்கு எதுக்கு ராபி? நீங்க பேசத்தான வந்தீங்க?”

அவளுக்குப் பாம்புக் காது. முற்றத்தின் மறுகோடியில் யாராவது வெங்காயம் உரித்தால் அது சிவப்பா வெள்ளையா என்று இங்கிருந்தே சொல்வாள். மூன்றாம் வீட்டுக்காரர் தன் மனைவியைத் திட்டலாமா என்று யோசித்ததைக்கூடக் கேட்டுவிட்டு, “வேண்டாம்ப்பா” என்று குரல் கொடுத்தாளாம். அதில் வேண்டுமானால் கொஞ்சம் மிகை இருக்கலாம். கண்தான் சில காலமாகச் சரியில்லை. புரை விழுந்திருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார் மருத்துவர். “பண்டிகை முடியட்டும்” என்றாள். எந்த வருடத்துப் பண்டிகை என்று சொல்லவில்லை.

நயீமா பிறந்தது பாக்தாதில். பாவாடை கட்டிய வயதில் விமானமேறி இங்கே வந்தவள். யூதர்களின் கதை எங்கே தொடங்குகிறது என்று யாராவது கேட்டால், தன் தெருவில் என்பதுபோல் பதில் சொல்வாள். “ஆபிரகாம் யாரு? எங்க ஊருப் பக்கத்து ஆளு. சிலைய எல்லாம் விடு, கடவுள் ஒருத்தர்தான்னு மொதல்ல சொன்னவன் அவன்தான். ‘கெளம்பு, நான் காட்டுற தேசத்துக்குப் போ’ன்னாரு, கெளம்பிட்டான். எங்களுக்கு மூட்டை கட்டக் கொஞ்சம் நேரமாயிடுச்சு கண்ணு. நாலாயிரம் வருஷம் கழிச்சு வந்து சேர்ந்தோம்.”

நடுவில் மோசே, சினாய் மலை, அங்கே பெற்ற தோரா என்னும் வேதச் சட்டம், இந்த ஊர்க் குன்றின்மேல் எழும்பிய ஆலயம் எல்லாம் உண்டல்லவா என்று கேட்டால் அதற்கும் ஆள் வைத்திருக்கிறாள். “இருந்தோமே. அந்த நேபுகாத்நேச்சார்தான் ஆலயத்தை இடிச்சுட்டு எங்களைப் பாபிலோனுக்கு இழுத்துட்டுப் போனான். திரும்பக் கொண்டாந்து விடணும்கிற மரியாதை தெரியாதவன்.” இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துப் பழைய அரசனை, முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவாள்.

கடவுளைப் பற்றி அவளுக்குக் குழப்பமே கிடையாது. “ஒருத்தர்தான். உருவம் இல்ல. உருவம் இல்லாதவரு எங்க வேணா நிப்பாரு, அடுப்படியிலயும் நிப்பாரு. அதான் மேடையத் தொடச்சு வெக்கிறேன்.” வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் விளக்கேற்றிக் கையைக் கட்டிவிடுவாள்; மறுநாள் வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை அடுப்பு பற்றவைப்பதில்லை. “அவரே ஏழாம் நாள் உக்காந்துட்டாரு, நான் என்ன அவரைவிட சுறுசுறுப்பா?” மெசியா வருவாரா என்று ஒரு முறை கேட்டேன். “வராம எங்க போறாரு? முன்கூட்டிச் சொல்லிட்டு வந்தா ஒரு பிடி அரிசி கூடப் போடலாம், அவ்வளவுதான்.”

இந்த ஒரே கடவுளை எத்தனை விதமாகக் கும்பிடலாம் என்பதற்கு அவள் பெற்ற பிள்ளைகளே சாட்சி. மூத்தவன் சாசோன் பழைய வழிக்காரன். கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, பகல் முழுக்கத் தோராப் படிப்பு. சினாயில் கொடுத்த சட்டத்தில் ஒரு புள்ளியையும் நகர்த்தக் கூடாது என்பான். மகள் திக்வா ஹைபாவில் சீர்திருத்த வழிச் சபையில் இருக்கிறாள்; அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருகிறார்கள், ராபியே ஒரு பெண். திக்வாவின் கணவன் அமெரிக்காவில் வளர்ந்த நடுவழிக்காரன். சட்டம் வேண்டும், ஆனால் காலத்தையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிற கட்சி. இளையவன் மெனாஷே பஸ் ஓட்டுகிறான், எதையும் நம்புவதில்லை. ஆனாலும் பாஸ்கா நாட்களில் ரொட்டியைத் தொடமாட்டான்.

“நம்பலன்னா சாப்பிட வேண்டியதுதானடா?”

“அம்மாவ நம்புறேன்ல?”

பாஸ்கா இரவு இத்தனை பேரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். பெண் தோரா படிக்கலாமா என்று சாசோன் தொடங்குவான். உன் படிப்புக்கு யார் சம்பாதிக்கிறார்கள் என்று திக்வா கேட்பாள். மெனாஷே இரண்டு பக்கமும் நெருப்பு மூட்டுவான். குரல் கூரையைத் தொடும் நேரம் பார்த்து நயீமா பெரிய தட்டோடு வருவாள். பேரீச்சம்பழப் பாகு நிறத்தில் அடிப்பொருக்கு முறுகிய சோறு. “ஆறிப்போகுது” என்பாள். சபைகள் அத்தனையும் வாயை மூடும்.

வாயை மூடினாலும் சாசோன் வீட்டார் அந்தச் சோற்றைத் தொடுவதில்லை. அவன் மனைவி பெய்லாவின் குடும்பம் போலந்திலிருந்து வந்தது. அஷ்கெனாசிகள் எனப்படும் அந்த ஐரோப்பிய வழிக்காரர்களில் பழைமையை விடாதவர்கள் பாஸ்காவில் அரிசி உண்பதில்லை. சாசோன் மாமனார் வீட்டு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டான். பெய்லா தன் வீட்டிலிருந்தே உருளைக்கிழங்கை வேகவைத்துத் தாளில் பொதிந்து கொண்டுவருவாள். கல்யாணமான முதல் வருடமே நயீமா கேட்டுவிட்டாள்.

“ஏம்மா, அரிசி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

“எங்க முன்னோர் காலத்துல ஒரே சாக்குல கோதுமையும் கலந்துடும்னு விட்டுட்டாங்க அத்தை.”

“சாக்க மாத்தியிருக்கலாமே. சோத்தையா மாத்துவாங்க?”

அன்றிலிருந்து பெய்லாவுக்கு ‘உருளைக்கிழங்கு ராணி’ என்று பெயர். பெய்லா சிரித்ததுமில்லை, கோபித்ததுமில்லை. திக்வாவின் கணவனுக்கு வேறு வகையான கேலி. தன் சபை ராபிகள் கூடி வாக்கெடுத்து, ஐரோப்பிய வழிக்காரரும் அரிசி சாப்பிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் என அவன் பெருமையாகச் சொன்னபோது, “என் சோறு தேர்தல்ல ஜெயிச்சிடுச்சா?” என்று கேட்டு ஒரு கரண்டி கூடவே போட்டாள்.

இந்த வருடம் சாசோன் பண்டிகைக்கு முன்னாலேயே வந்து நின்றான். சர்க்கரை டின்மேல் உட்காரக்கூட இல்லை.

“அம்மா, இந்தத் தடவை அரிசி வேண்டாம். உங்களுக்குக் கண்ணு தெரியல.”

“எனக்கா? உன் தாடியில ஒட்டியிருக்கிற ரொட்டித் துணுக்கு இங்கேருந்து தெரியுது.”

அவன் பதறித் தாடியைத் தடவினான். “எங்க? ஒண்ணுமே இல்லையே!”

“தடவிப் பாத்தல்ல? உன் தாடியவே உன்னால நம்ப முடியல. என் கண்ணப் பத்திப் பேச வந்துட்ட.”

“வெளையாடாதீங்கம்மா. ஒரு கோதுமை தப்பிச்சு ஊறிட்டா, இந்த வீட்டுல என் பிள்ளைங்க ஒரு வாய் எடுக்க முடியாது. அரிசி சமைச்சா நாங்க வர்றதுக்கில்ல.”

நயீமா விரலை நிறுத்தினாள். பாக்தாத் வழக்கப்படி, பாஸ்கா இரவு வீட்டுக் குழந்தை ஒன்று புளிக்காத ரொட்டியைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து நடந்துவரும். ‘எங்கேருந்து வர்றே?’ என்று எல்லோரும் கேட்பார்கள். ‘எகிப்துலேருந்து.’ ‘எங்க போறே?’ ‘ஜெருசலேமுக்கு.’ வந்துதானே சேர்ந்துவிட்டோம், இன்னும் எங்கே போகிறாய் என்று மெனாஷே வருடம் தவறாமல் கேட்டு, வருடம் தவறாமல் திட்டு வாங்குவான். இந்த வருடம் மூட்டை சுமக்கும் முறை சாசோனின் கடைக்குட்டி ஷிப்ராவுடையது.

“பெய்லாவ அனுப்பு” என்றாள் நயீமா கடைசியில். “நான் பொறுக்கி முடிச்சத அவ பாக்கட்டும். ஒரே ஒரு கோதுமை கெடச்சாலும் இந்த வருஷம் மேசையில உருளைக்கிழங்குதான். போதுமா?”

போதும் என்று போனான். முற்றமே ‘முடிந்தது கதை’ என்றது. பெயர் வைத்துக் கேலி செய்த மருமகளையே நீதிபதியாக வைப்பார்களா? மெனாஷே கேட்டே விட்டான். “நல்லாப் பாக்கிறவளாச்சே, வேற யார வெக்கிறது?” என்றாள் நயீமா.

பெய்லா மத்தியானம் வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டி, வீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவந்திருந்தாள். சர்க்கரை டின்னை ஜன்னல் வெளிச்சத்தின் விளிம்புவரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நயீமா மூன்று முறை பொறுக்கி முடித்த அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினாள். அண்டை வீட்டிலிருந்து உதவிக்கு வந்திருந்த நான் எதிரில் பாஸ்கா இரவுக்கான கசப்புக் கீரையில் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தேன். நயீமா தன் நாற்காலியில் சாய்ந்து, பாக்தாதில் தன் பாட்டி அரிசி பொறுக்கினால் டைக்ரிஸ் நதி ஓசைப்படாமல் ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெய்லாவின் விரல் நின்றது.

இரண்டு அரிசிக்கு நடுவில் ஒன்று. பழுப்பு நிறம், வயிற்றில் ஒரு கோடு. பெய்லா பார்த்தாள். நானும் பார்த்தேன்.

“என்ன ராணி, சத்தத்தையே காணோம்? பாத்துப் பாத்து சாப்பிட ஆச வந்துடுச்சா?”

“இல்ல அத்தை.”

இத்தனை வருடத்துக் கேலிக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த மணியை எங்கே போடுவாள்? பண்டிகைக்குத் துடைத்து வைத்த தரையில் கோதுமையைப் போட முடியாது. பையிலும் போட முடியாது. பெய்லா அப்படிப்பட்டவள் இல்லை. தகரத் தட்டை நோக்கிக் கையை நீட்டி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் அதை வைத்தாள்.

தகரம் தகரம்தானே. ‘டிங்.’

டைக்ரிஸ் நதி பாதியில் நின்றுவிட்டது. நயீமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். நான் கீரைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அந்நேரம் பெய்லாவின் போன் அடித்தது. சாசோனின் குரல் எங்களுக்கே கேட்டது. “என்னாச்சு? ஏதாவது இருந்துச்சா?”

“இன்னும் பொறுக்கி முடியல” என்றாள் பெய்லா.

“அம்மா முடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்களே?”

“மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சிருக்கோம். ரெண்டு பேரா.”

“ரெண்டு பேரா? நீ எதுக்கு—”

“என் கண்ணு நல்லாத்தான இருக்கு? வைங்க, கை வேலையா இருக்கேன்.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெரிய பாத்திரத்து அரிசி முழுவதையும் துணியின் வலப்பக்கம் கொட்டினாள். அடுக்களை முழுக்க அரிசி வாசனை.

“அத்தனையுமா?” என்று கேட்டாள் நயீமா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அத்தனையும்தான் அத்தை.”

“நீ ஒரு பருக்கை திங்கப் போறதில்லையே.”

“நான் திங்காட்டி என்ன? ஷிப்ரா ஒரு வாரமா தலையணை உறையத் தோள்ல போட்டுட்டு வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டிருக்கா. எங்கேருந்து வர்றேன்னு கேக்காட்டி அவளுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.” விரல் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. வெளிச்சம் போதாமல் கழுத்தை ஜன்னல் பக்கம் நீட்டியிருந்தாள்.

நயீமா கொஞ்ச நேரம் அந்த விரல் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து மேலங்கிப் பைக்குள் போட்டாள். மேசையைப் பிடித்து எழுந்து, ஜன்னலோர நாற்காலியின் இருக்கையைப் புறங்கையால் இரண்டு தரம் துடைத்துவிட்டு, சர்க்கரை டின் பக்கமாக வந்து நின்றாள், அதைத் தனக்குக் காலி செய்து தரச் சொல்வதுபோல.