கிரிவலப் பாதையில் ஒரு டெமோ

தண்ணீர் ஃபில்டர் விற்கும் வேலையில் சேர்ந்த சில மாதங்களில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாதக் கடைசிக்குள் டார்கெட்டைத் தொட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கிளம்பலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து காலிங் பெல்லில் விரலை வைத்தாலே நெஞ்சு படபடக்கும். படுத்தால் வாய் தானாக டெமோ பேசும். என்னோடு அறையில் தங்கியிருந்த கீழ்பென்னாத்தூர் நண்பனும் அதே கம்பெனிதான். "யாருக்குடா தூக்கத்துல ஃபில்டர் விக்கிற?" என்று தலையணையால் அடிப்பான்.

முந்தின நாள் ஒன்றும் விற்காதவன் காலைக் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். உற்சாகப்படுத்துகிறார்களாம்.

மேனேஜர் தினமும் சொல்வது ஒன்றுதான். "கஸ்டமர் பேசாம இருந்தா யோசிக்கிறார்னு அர்த்தம். வேணாம்னு வாயத் தொறந்து சொல்றவரைக்கும் விடாதே."

அந்த மாதம் பௌர்ணமி கடைசி வாரத்தில் வந்தது. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீட்டில் இல்லாவிட்டால் என்ன, எல்லோரும் மலையைச் சுற்றிக்கொண்டுதானே இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. மதியத்துக்கு மேல் ஷூவைக் கழற்றி டெமோ பையில் போட்டுக்கொண்டு, டையோடு செங்கம் ரோட்டுக்குப் போனேன். வேட்டி கட்டி, தனியாக நிதானமாக நடந்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்தேன். அரசு அலுவலர் போலிருந்தார்.

உப்புத் தண்ணீர், கிருமி, குழந்தைகளின் வயிறு என்று எல்லாவற்றையும் சொன்னேன். தலையசைத்தார். லிங்கம் வந்தால் நின்று கும்பிட்டார், நானும் நின்றேன். அடி அண்ணாமலையில் லேசாகச் சிரித்தார். ஆர்டர் உறுதி என்று நினைத்துக்கொண்டேன். குபேர லிங்கம் தாண்டியபோது கால் கொப்பளித்து, தொண்டை கட்டிவிட்டது. ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே.

ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்பா, சுத்தி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னு வந்தவன் நான். நீ என்னடான்னா மூச்சு விடாம பேசற. தண்ணியாவது குடிச்சியா?"

"இல்ல சார். ஆர்டர்..?"

"வேணாம்பா. போன வருஷமே உங்க கம்பெனியிலதான் வாங்கனேன். சர்வீஸுக்குத்தான் ஒருத்தனும் வரல."

அறையில் நண்பன் உருண்டு உருண்டு சிரித்தான். "மலைய சுத்துனதுக்கு கம்பெனிகிட்ட பயணப்படி கேளுடா!" எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தனை நாளாக எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ அதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிதான் எடுத்தது.

மறுநாள் கூட்டத்தில் கைதட்டலோடு நின்றேன். வெளியே வந்ததும் நண்பனிடம் சொன்னேன். "இனிமே ஒரு வீட்டுல பேசிட்டு வந்தா அடுத்த வீடு வரைக்கும் மௌனம். மனசுக்குள்ளகூட டெமோ கிடையாது." முதலில் கிண்டல் செய்தான், பிறகு அவனும் அப்படியே மௌனமாக நடக்க ஆரம்பித்தான். வழியில் தண்ணீர் குடித்தோம். மலையைப் பார்த்தோம். பெல்லில் விரல் வைக்கும்போது படபடப்பு மெல்லக் கம்மியானது.

டார்கெட் அந்த மாதமும் எட்டவில்லை. "இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்" என்றார் மேனேஜர். பயம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனாலும் அன்று சாப்பிட்டுப் படுத்தேன்.

காலையில் நண்பன் பல் தேய்த்துக்கொண்டே சொன்னான். "டேய், நேத்து ராத்திரி நீ ஒண்ணுமே விக்கல."