தோளில் இருந்த கை

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவே ஒரு ஃபிளெக்ஸ் கடை. அங்கே டிசைன் போடுகிறவள் தனப்பிரியா. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கைவேலைதான். அதிலும் சாவு ஃபிளெக்ஸ் என்றால் முதலாளி தமிழரசு வேறு யாரையும் தொடவிடமாட்டார். உயிரோடு இருக்கிறவரை எந்த மகராசன் தனக்கென்று ஒழுங்காக ஒரு போட்டோ எடுத்து வைக்கிறான்? செத்த அன்றைக்குத்தான் தேடுவார்கள். எவர் வீட்டுக் கல்யாணத்திலோ கும்பலாக நின்ற படம் வந்து சேரும். பக்கத்தில் நிற்பவர்களை வெட்டி, கலைந்த தலையைச் சீவி, வெள்ளைச் சட்டை மாட்டி, பிணத்தை எடுப்பதற்குள் வாசலில் கட்டத் தர வேண்டும்.

இந்த வித்தையை அவள் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. யூடியூபில் கௌசிக் சொல்லித்தந்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் டிசைன் ஆபீஸ் வைத்திருப்பவன். பிசிறில்லாமல் ஓரம் வெட்டுவது, எழுத்தைச் சுற்றி இடம் விடுவது, வேலை கேட்டுப் போகிற இடத்தில் எப்படிப் பேசுவது, எல்லாம் சொல்வான். சோறு தின்னும்போதும் அவளுக்கு அவன் வீடியோதான். “உங்க வேலையில உங்க மனசு தெரியணும்” என்று என்றைக்கோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

போன தை மாதம், முட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்த அவள் அப்பா வேலுமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. பெற்ற மகளே கடையைத் திறந்து அப்பனுக்கு ஃபிளெக்ஸ் போட்டாள். கொடுமைதான். ஆனால் தன் அப்பனை வேறொருவன் வெட்டி ஒட்டுவதை அவளால் பொறுக்க முடியாது. இருந்ததோ ஒரே படம். பெரியப்பா மகன் கல்யாணத்தில் போட்டோக்காரர் வம்பு பண்ணி, அம்மா சென்னியம்மாளின் கையை அப்பாவின் தோளில் வைக்கச்சொல்லி எடுத்தது. நாலு பேர் பார்க்கச் சென்னியம்மாள் புருசனைத் தொட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

சாவுப் படத்தில் உயிரோடு இருப்பவர்களை வைக்கக் கூடாது. அம்மாவை வெட்டிவிட்டாள். கையை வெட்ட மட்டும் மனசு வரவில்லை. தோளில் அந்த விரல்களை அப்படியே விட்டுவிட்டாள். எழவுக்கு வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள். அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதே படத்தைத்தான் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார்கள். விளக்கு வைக்கும்போதெல்லாம் சென்னியம்மாள் விரல் அந்தத் தோளுக்குப் போய்விட்டு வரும்.

ஆடியில் கௌசிக் ஓர் அறிவிப்பு விட்டான். உங்கள் சிறந்த வேலையை அனுப்புங்கள், லைவில் பார்த்துச் சொல்கிறேன், பிடித்தால் என் ஆபீஸில் வேலை. தனப்பிரியாவிடம் ஆயிரம் ஃபிளெக்ஸ் இருந்தது. மனசு தெரிகிற வேலை அது ஒன்றுதானே என்று அப்பா படத்தை அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தாள்.

அவள் படம் வந்தது. கௌசிக் தோளைப் பெரிதாக்கினான்.

“இந்தக் கை யாருதுங்க? மேல கூட்டிட்டுப் போக வந்தவரோடதா?”

சிரித்தான். பார்த்தவர்களெல்லாம் சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டினார்கள். நம்மூர் ஃபிளெக்ஸ் கடைகளின் லட்சணம் இதுதான் என்று பாடம் வேறு நடத்தினான். அவனும் ராசிபுரம் பக்கத்துக்காரன்தான். அவன் வீட்டுச் சாவுக்கு மட்டும் படம் வானத்திலிருந்தா குதித்திருக்கும்? எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று மறுநாள் அந்த இடத்தை மட்டும் வெட்டித் தனி வீடியோவாகவும் போட்டான். ஊரெல்லாம் சுற்றியது. பட்டறைப் பையன்கள் ஒருவன் தோளில் ஒருவன் கை வைத்துக் காட்டிச் சிரித்தார்கள்.

அது என் அப்பா, அந்தக் கை என் அம்மாவுடையது என்று வீடியோவுக்குக் கீழே எழுதினாள். அவன் ஒரு இதயப் பொம்மையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். வீடியோ இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. விளங்குவானா அவன்?

 நாலைந்து நாள் கழித்துச் சென்னியம்மாள் சுவரிலிருந்து படத்தை இறக்கி மகளிடம் நீட்டினாள்.

“அந்தக் கைய எடுத்துரு சாமி. உங்கப்பனையுஞ் சேத்துச் சிரிக்கறாங்க.”

தனப்பிரியா எடுத்தாள். அவன் சொல்லித்தந்த முறைப்படியே விரல் விரலாக அழித்து, சட்டைத் துணியை எடுத்து மேலே நிரப்பினாள். பிசிறில்லை, தடமில்லை. அவள் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். கௌசிக் பார்த்திருந்தால் கூப்பிட்டு வேலை கொடுத்திருப்பான்.

புதுப் படத்தை வாங்கிச் சென்னியம்மாள் அதே ஆணியில் மாட்டினாள். விளக்கை ஏற்றினாள். தடவிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.