பஸ்ஸில் ஓடிய சீரியல்

அப்போது எங்கள் கம்பெனி பஸ்ஸில் இரண்டு கட்சி. கிருஷ்ணகிரியில் ஏறியதிலிருந்து போச்சம்பள்ளி போய்ச் சேரும்வரை கேசட்டில் சினிமாப் பாட்டு ஓடவேண்டும் என்பது எங்கள் கட்சி. பாட்டை நிறுத்திவிட்டு, முந்தின நாள் டிவி சீரியல் கதையை எங்களோடு வேலை பார்த்த ஈஸ்வரி அக்கா சொல்லக் கேட்கவேண்டும் என்பது பின்சீட்டுப் பெண்களின் கட்சி. அவர்களில் பாதிப் பேர் தங்கியிருந்த அறைகளில் டிவி கிடையாது.

தினமும் அவர்களே ஜெயித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் மாமா வீட்டில் உட்கார்ந்து, பிடிக்காத அந்த சீரியலை முழுதாகப் பார்த்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா, சீரியலில் வரும் மருமகள் பெட்டியோடு வீட்டைவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

“பொய்யி! அவ வீட்டுலதான் இருக்கா. நேத்து நானே பார்த்தேன்.”

பஸ்ஸே சிரித்தது.

“எங்கூட்ல டிவி இல்ல தம்பி,” என்றார் அக்கா மெதுவாக. “பக்கத்து வூட்டுச் சத்தம் சுவத்துல கேக்கும். கேக்காதத நானா சேத்துக்குவேன்.”

சிரிப்பு நின்றது. டிரைவர் பாட்டைப் போட்டார்.

அதன்பிறகு அக்கா முன்சீட்டில் சன்னலோரம் உட்காரத் தொடங்கினார். ஒரு வாரம்தான் என்னால் தாங்க முடிந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“அக்கா, அந்த மருமகளுக்கு என்ன ஆச்சு?”

“நீதான் பார்த்தவனாச்சே தம்பி. நீயே சொல்லு.”

பின்சீட்டுப் பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் பார்த்தது உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எனக்குச் சொல்ல வரவில்லை.