பொட்டு வைத்த கம்பி

சுடலைமாடத்தி கெட்டிக்காரிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பொட்டு வைத்து முதலாளி கண்ணில் காட்டினாளே, அதற்காக அவளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் ராஜபாளையம் வருவாள். சங்கரலிங்கத்தின் பேண்டேஜ் துணி பவர்லூம் ஷெட்டில் அவளும் நானும் தார் சுற்றினோம். தறியில் குறுக்கே ஓடுகிற நூலை மிஷினில் குச்சி குச்சியாகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. கூலி கூடைக் கணக்கு. அந்த மட்ட நூல் தொட்டதற்கெல்லாம் அறும். அதனால் ஒருத்தி நாலு குச்சிக்கு மேல் பார்க்க முடியாது.

எண்பத்தாறில் அவள் ஒரு பழைய சைக்கிள் கம்பியை வளைத்து, ஓடுகிற நூலின் மேல் சாய்த்து வைத்தாள். நூல் அறுந்தால் கம்பி விழுந்து அந்தக் குச்சியை மட்டும் நிறுத்திவிடும். யாரும் சொல்லித் தரவில்லை. பல மாதம் விரலைக் கிழித்துக்கொண்டு தானாகக் கற்றது. எங்களுக்கும் ஆளுக்கொன்று வளைத்துக் கொடுத்தாள். சந்தேகம் வராத அளவுக்குக் கூடுதலாகச் சுற்றினோம். முதலாளி செருப்புச் சத்தம் கேட்டால் கம்பிகள் தூக்குச்சட்டிக்குள் போய்விடும். அந்த ஆளின் குணம் எங்களுக்குத் தெரியும்.

ஆயுதபூஜை வந்தது. கத்தரி, ஸ்பேனர் எல்லாவற்றையும் பலகையில் வைத்துச் சந்தனம் தெளித்தார்கள். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு அன்றைக்குப் பொரிகடலையோடு சரி. இவள் தூக்குச்சட்டியைத் திறந்து கம்பியை எடுத்தாள். நான் கையைப் பிடித்தேன்.

“சோறு போடுததுக்கு ஒரு பொட்டு வைக்காம எப்படி தங்கபாய்? பாவம்லா,” என்றாள்.

சூடம் காட்ட வந்த சங்கரலிங்கம் இது என்ன என்று கேட்டார். சாமி முன்னால் பொய் வராதாம் அவளுக்கு. சொல்லிவிட்டாள். அவர் மெச்சினார், எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். நாசமாய்ப் போன பால்கோவா.

அடுத்த வாரமே எல்லா மிஷினிலும் கம்பி. வேலை லேசாகிவிட்டது என்று கூடைக் கூலியைப் பாதியாக்கினார். ஆள் மிச்சம் என்று, எங்களோடு தார் சுற்றிய பரிபூரணத்தை வேலையை விட்டு நிறுத்தினார். புருஷனைப் பறிகொடுத்த பிள்ளைக்காரி அவள். வியாபாரிகள் கூட்டத்தில் அவருக்குப் புதுமை கண்டவர் என்று பொன்னாடை போட்டார்கள். பரிபூரணம் ஷெட் வாசலில் நின்று சுடலைமாடத்தி தலையில் மண்ணை வாரி இறைத்தாள். நானும் என் பங்குக்கு ஏசினேன். அதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்க மாட்டேன். அதன்பின் அவளோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

மறுவருஷ ஆயுதபூஜைக்குக் கத்தரியை மட்டும் வைத்தாள். புதிதாக ஒன்றும் செய்யவில்லையா என்று முதலாளி சிரித்தபடி கேட்டதற்கு, தனக்கு என்ன தெரியும் என்றாள். ஆனால் அவள் முந்தானை முடிச்சில் குங்குமக் கறை இருந்தது. எதற்கோ வீட்டிலேயே பொட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மத்தியானம் தனியாகக் கூட்டிப்போய், எனக்காவது காட்டு என்றேன்.

“மொதலாளிக்குக் காட்டுனேன், கூலி போச்சு. ஒங்களுக்குக் காட்டுனதுக்கு மண்ணு வாங்குனேன். போதும் தங்கபாய்,” என்றாள்.

அப்புறம் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் கூடை பாதியில் நிற்கும்போதே பாவி மகளுடையது நிறைந்துவிடும். அதைச் சாக்கால் மூடிவிட்டு, கம்பிகளை ஒதுக்கிவைத்து, பஸ் நேரம் வரைக்கும் நூல் இல்லாத வெறும் குச்சிகளை ஓடவிட்டு, அறுந்த நூலைத் தேடுகிறவள்போல் குனிந்தே இருப்பாள்.