லிவரில் இல்லாத கை

கோத்தகிரியிலிருந்து அரவேணுவுக்கு இறங்கும்போது நான் இரண்டாவது கியரை விட்டு மாறுவதில்லை. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது, கியர்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். எங்கள் மலையில் கார் பழகும் யாருக்கும் முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான். என்னோடு வேலை பார்க்கும், அரவேணுவில் குடியிருக்கும் இரண்டு டீச்சர்கள் பள்ளி விட்டதும் என் காரில்தான் வருவார்கள். ஒருவர் பின் சீட்டில் தூங்கியே விடுவார். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

சொல்லிவைத்தாற்போல், வாரண்டி முடிந்த மறுமாதம் இறக்கத்தில் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்தது. வண்டி சரசரவென்று வேகமெடுத்தது. பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினேன். அடுத்த வாரமும் அதேபோல. மறுநாள் டீச்சர்கள் இருவரும், "இன்னிக்குச் சும்மா பஸ்ல போய்ப் பாக்கலாம்னுதானுங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே நடந்துவிட்டார்கள். காரைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு வலித்தது.

சர்வீஸ் சென்டர் கீழே மேட்டுப்பாளையத்தில். அங்கே சூப்பர்வைசர் சமதள ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "மலைக்காரங்க கியர் லிவர் மேலயே கைய வெச்சு ஓட்டுவீங்க மேடம். அதான் தேயுதுங்க" என்றார். எதையோ மாற்றினார்கள், பணம் கட்டினேன். கியர் மறுபடி நழுவியது. மறுபடி போனேன், மறுபடியும் என் கைதான் குற்றவாளி. மூன்றாம் தடவை கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள், அதுவும் என் செலவில்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். வகுப்பில் பிள்ளைகளுக்கு அது தெரியும், அந்தச் சூப்பர்வைசருக்குத் தெரியாது. "கட்டறேன் தம்பி. அதுக்கு முன்ன என்கூட ஒருக்கா மேல வந்து எறங்கணும்" என்றேன் மெதுவாக.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. அவர் யானை நிற்கிறதா என்று காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அரவேணுக் கடைகளைத் தாண்டிக் காரைத் திருப்பினேன். "இனி என் கையப் பாருங்க" என்று இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தேன். குஞ்சப்பனைக்கு மேலே, நீளமான இறக்கத்தில், யாரும் தொடாத லிவர் துள்ளி நியூட்ரலுக்கு வந்தது. கார் பாய்ந்தது.

"பிரேக் புடிங்க மேடம், இந்த மாடலே இப்படித்தானுங்க, ரெண்டாவது கியர் நிக்காதுங்க" என்று உளறிக் கொட்டிவிட்டார்.

ஓரமாக நிறுத்தினேன். "எப்ப இருந்து தெரியும்?"

"மொதல்ல இருந்தேங்க. கம்பெனியிலயே சொல்லியிருக்காங்க. விடாம கேக்கறவங்களுக்கு மட்டும் ஃப்ரீயா மாத்திக் குடுக்கச் சொல்லி."

விடாமல் கேட்கிறவர்களுக்கு மட்டும். அப்படியானால் ஒரு தடவை நம்பிப் பணம் கட்டியவர்களெல்லாம் ஏமாளிகள்.

கீழே மேனேஜர் விஷயத்தைக் கேட்டதும் தன்மையாகப் பேசினார். "உங்களுக்காக இந்த ஒருக்கா ஃப்ரீயா பண்ணித் தர்றோம் மேடம். வெளிய மட்டும் சொல்ல வேண்டாமுங்க."

"எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம். கோளாறு உங்களுது, சரி பண்ணுங்க. முன்ன வாங்கின காசையும் திருப்பிக் குடுங்க. வெளிய சொல்றத நான் பாத்துக்கறேன்."

வெளியே என்றால் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மேனேஜரும் சூப்பர்வைசரும் பின்னாலேயே வர, வெயிட்டிங் ஹாலுக்கு வந்தேன். அங்கே குன்னூர்க்காரர் ஒருவர் பர்ஸைத் திறந்துகொண்டிருந்தார். வாசலில் நின்ற அவருடைய காரும் என் காரின் அதே மாடல்தான்.

"உங்களுக்கும் கைதானுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. லிவர் மேல வெச்சு ஓட்டறேனாம்." தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் வெக்கறதே இல்லைங்க. ஆனா இத்தன பேரு சொன்னா நமக்கே சந்தேகம் வருதுங்களே."

"பர்ஸ உள்ள வைங்க. உங்க வண்டியில அரவேணு வரைக்கும் போய் எறங்கிட்டு வருவோம். இந்தத் தம்பியும் வருவாரு."

சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். குன்னூர்க்காரர் பர்ஸை மூடிவிட்டு எழுந்தார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களே ஓட்டுங்கம்மா. நான் பின்னால உக்காந்துக்கறேன்."