பெண்ணின் அப்பா இல்லாத கல்யாண கேசட்

போன வாரம் பாண்டிச்சேரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் டிரைவருக்குப் போன் வந்து வண்டியை ஓரம் கட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உப்பு வரப்பின்மேல் ஒரு கல்யாண ஜோடி. அவன் கோட்டு சூட்டு, அவள் தரையில் புரளுகிற சிவப்பு கவுன். தலைக்கு மேலே டிரோன் ரீங்காரம் போடுகிறது. கேமராப் பையன் அவர்களை உப்புக் குவியலுக்கு முன்னால் நிறுத்தி, உச்சி வெயிலில் எடுக்கிறான். அடப்பாவி, மூஞ்சி ரெண்டும் கரிச்சட்டி மாதிரி வருமே என்று எனக்கு வாய் அரித்தது. இறங்கிப் போய்ச் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிட்டேன்.

நானும் ஒரு காலத்தில் கேமராக்காரிதான். சிரிக்காதீர்கள். சுனாமி வந்த வருஷம், அதற்குச் சில மாதம் முன்னால், மரக்காணத்தில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் ரசீது எழுதப் போனேன். முதலாளி கோதண்டம் அண்ணன். உப்புக் காத்தில் கேசட் நாடாவெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அதைத் துடைப்பதும் என் வேலை. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் ஊசி போடக் கையைத் துடைத்தால், அந்த வாசனைக்கு எனக்கு ஊசி ஞாபகம் வராது, கோதண்டம் அண்ணன் எப்போதும் போட்டிருந்த சஃபாரி சூட்டுதான் ஞாபகம் வரும்.

அண்ணனுக்குக் கை நடுக்கம். அவர் கேமராவைத் தூக்கினால் மணமேடை படகு மாதிரி ஆடும். படம் எடுத்துக்கொண்டிருந்த ஆள் துபாய்க்குப் போய்விட, வேறு வழியில்லாமல் கேமரா என் தோளுக்கு வந்தது. பெண் வீட்டுக்காரர்களுக்குப் பரம திருப்தி. பெண்ணுக்குப் புடவை கட்டுகிற அறைக்குள்ளேயே நான் போகலாமே. ஆனால் ஒவ்வொரு கேசட்டின் ஆரம்பத்திலும் ஒரு ரோஜாப்பூ விரியும், அதற்குள்ளிருந்து 'ஒளிப்பதிவு: கோதண்டம்' என்று சுற்றிக்கொண்டு வரும். அதை டைப் அடிப்பதும் நான்தான். அப்போதெல்லாம் எனக்கு அது உறைக்கவே இல்லை.

உறைத்தது உப்பளத்துப் படத்தில். சுனாமியில் கடல் உள்ளே வந்து பாத்தியெல்லாம் சேறாகிக் கிடந்தது. மறுபடி உப்பு விளைய ஆரம்பித்தபோது, பாண்டிச்சேரியில் சினிமாப் பைத்தியங்கள் சிலபேர் நடத்தின சங்கம் ஒன்று, உப்பு வாருகிற பெண்களைப் பற்றிப் படம் வேண்டுமென்று கேட்டது. அண்ணன் முதல் நாள் மட்டும் வந்தார், கண் கூசுகிறதென்று வண்டியேறிவிட்டார். மிச்சத்தை நான் எடுத்தேன். சூரியன் ஏறுவதற்கு முன்னாலேயே போய், கேமரா தானாக வெளிச்சம் வைத்துக்கொள்கிற பட்டனை அணைத்துவிட்டு, கையாலேயே வெளிச்சத்தைத் திருகித் திருகி வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்களில் எங்கம்மாவும் ஒருத்தி. முதலில் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டு, "போடி அந்தாண்ட" என்று விரட்டினாள். அப்புறம் நான் நிற்பதையே மறந்துவிட்டுப் பலகையால் உப்பை இழுத்து இழுத்துச் சேர்த்தாள். என் வாழ்க்கையில் நான் எடுத்ததில் உருப்படியானது அதுதான்.

பாண்டிச்சேரியில் ஒரு ஹாலில் படத்தைப் போட்டார்கள். அம்மா பெட்டியிலிருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து ஓடும்போதெல்லாம் என் முழங்கையை இடித்தாள்.

"உன் பேரு வந்துச்சா?"

"வரும்மா, இரு" என்றேன். கடைசிவரைக்கும் வரவில்லை. ஒளிப்பதிவு, இயக்கம் எல்லாம் கோதண்டம்.

விளக்கைப் போட்டதும் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா மேடையேறிப் பேசினார்கள். நல்ல தமிழ், ஆனால் எல்லா வார்த்தையும் மூக்கு வழியாக ஒருதரம் போய்விட்டு வரும். அவர்கள் ஊரில், சினிமா பிறந்த புதிதில், கேமரா விற்கிற கம்பெனியில் ஒரு பெண் செக்ரட்டரியாக இருந்தாளாம். கேமராவை வைத்து எல்லோரும் ரயில் வருவதையும் ஜனங்கள் நடப்பதையும் எடுத்துக்கொண்டிருந்தபோது, இதில் ஒரு கதை சொன்னால் என்ன என்று கேட்டவளாம். முதலாளி சிரித்துவிட்டு, ஆபீஸ் வேலை கெடாமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றாராம். அவள் படமாக எடுத்துத் தள்ளினாள். பின்னால் வந்தவர்கள் தொழில் கற்றுக்கொண்டது அவளிடம்தான். அமெரிக்கா போய்ச் சொந்தமாக ஸ்டூடியோவே கட்டினாள். புருஷன் விட்டுப் போனான், ஸ்டூடியோவும் கைவிட்டுப் போனது. ஊருக்குத் திரும்பினால், சினிமா சரித்திரம் எழுதினவர்கள் அவள் படங்களை அவளிடம் வேலை பார்த்த ஆம்பளைகளின் பேரில் எழுதி வைத்திருந்தார்கள். வயசான காலத்தில் தன் படத்தைத் தானே தேடிக்கொண்டு அலைந்தாள். கையில் சிக்கினது சொற்பம்.

அவள் பேரை நான் இங்கே எழுதவில்லை. என் வாயில் நுழையாத பேர். எல்லோரும் கெடுத்தது போதாதென்று நானும் தப்பாக எழுதிக் கெடுப்பானேன்?

இவ்வளவையும் கண் கலங்கச் சொன்ன அந்த அம்மா, அடுத்த நிமிஷம் கோதண்டம் அண்ணனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பாவம், அவர்களுக்கென்ன தெரியும்? அண்ணன் கும்பிட்ட கையோடு, "லைட்டு புடிக்கத்தாங்க ரொம்ப கஷ்டப்பட்டேன்" என்று மைக்கில் சொன்னார். நான் பேட்டரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா பட்டுப்புடவையின் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படமெடுத்த அந்தப் பிரெஞ்சுக்காரிக்குத் திருப்பி அடிக்க வாய்க்கவில்லை. என் தோளில் கேமரா இன்னும் இருந்தது.

அடுத்த வருஷம் அண்ணனின் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிளியனூர். ரெண்டு நாளும் நான்தான் எடுத்தேன். வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கிற மிக்சிங்கும் நானே செய்தேன். அண்ணன் தாரை வார்க்கும்போது தண்ணீரும் கையும் மட்டும் எடுத்தேன். நலங்கில் அவர் முன்னால் வந்தால் நான் கவிதாவின் ஒட்டியாணத்துக்குப் போனேன். மேடையில் அவர் நின்ற பக்கம் பூத்தூண் மறைக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்து, அவர்கிட்டே வரும்போது மண்டபத்து விளக்குக்குத் தூக்கிவிட்டேன். மனுஷன் வேறு, "இங்க எடு, அங்க எடு" என்று கை நீட்டிக்கொண்டே இருந்தார். அந்த விரல் மட்டும் ரெண்டு மூன்று இடத்தில் வந்திருக்கும். குரல் வரக்கூடாதென்று முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பினேன். எவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்தேன் தெரியுமா.

மறுவீட்டுக்கு வந்த சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்து அண்ணன் கேசட்டைப் போட்டார். கூடத்தில் நிற்க இடமில்லை. ரோஜாப்பூ விரிந்தது, 'ஒளிப்பதிவு: கோதண்டம்'. வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தாகவே போட்டிருந்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். முதல் கேசட் முடிந்தது. ரெண்டாவது கேசட் பாதி ஓடும்போது மாப்பிள்ளையின் அத்தை, பெண்ணோட அப்பா கல்யாணத்தன்னைக்கு வெளியூர் போயிருந்தாரா என்று கேட்டாள். கூடம் பூராவும் சிரிப்பு. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேம்மா?"

"கேமராவுக்குப் பின்னால நிக்கிறவரு படத்துல எப்படிண்ணே வருவாரு? நீங்கதான எடுத்தீங்க, பேரு போட்டிருக்குதே."

நான் எடுக்கவில்லை என்று அத்தனை சம்பந்தி முன்னால் அவரால் சொல்ல முடியவில்லை. மறுநாளே என்னை வேலையை விட்டு நிறுத்தினார். நான் பஜாரில் நல்லதாக ஒரு பிரியாணி வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. உப்பளத்துப் படம், அதற்காக நான் எடுத்த வெட்டாத அசல் கேசட், எல்லாம் கடையில்தான் இருந்தன. அத்தனையின் மேலேயும் யார் வீட்டுப் பிள்ளையின் காதுகுத்தையோ பதிந்துவிட்டு, அதை எனக்குச் சொல்லியும் அனுப்பினார். பாண்டிச்சேரிச் சங்கத்திடம் ஒரு பிரதி இருந்தது. தேடிப் போனேன். சங்கமே கலைந்துவிட்டது, மேடையில் பேசின பிரெஞ்சுக்கார அம்மாவும் தன் நாட்டுக்கே போய்விட்டார்கள். அவர்கள் கதையில் தன் படத்தைத் தேடிப் பிரெஞ்சுக்காரி அலைந்த அலைச்சல் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது. இன்று ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சுவரில் மாட்டியிருக்கிற அவளுடைய போட்டோவில் இருப்பது ரேஷன் கார்டு மூஞ்சி. அவள் உப்பு வாருகிற அழகு எங்கேயும் இல்லை.

கோதண்டம் அண்ணன் போன வருஷம் இறந்தார். காரியமெல்லாம் முடிந்து கவிதா என்னைத் தேடி வந்தாள்.

"அப்பா நடக்குற மாதிரி, பேசுற மாதிரி, ஒரு துண்டாவது இருக்குதாக்கா? எங்க வீட்டுல எதுலயும் அவரு இல்ல."

இருந்தது. உப்பளத்தில் முதல் நாள், வெளிச்சம் பார்ப்பதற்காக அவரைத்தான் வரப்பில் நிற்கவைத்து எடுத்தேன். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, "இன்னா வெயிலும்மா இது" என்று சிரித்தபடி என்னை நோக்கி நடந்து வந்தார். அந்த கேசட்டின் முதல் காட்சியே அவர்தான், அதற்கு அடுத்ததுதான் எங்கம்மா. போட்டுக்கூடப் பார்க்காமல் அதன்மேல் காதுகுத்தைப் பதிந்துவிட்டார் மனுஷன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் அப்பா அதில் எப்படிச் சிரித்தார் என்பதிலிருந்து, அதை அழித்தது யார் என்பதுவரைக்கும், ஒன்று விடாமல் கவிதாவிடம் சொன்னேன்.